பெரியக்கா நிற்கும் இடம்

அந்தச் சலவை ஆலையில் வேலை செய்கிறவர்களுக்கு மாடியில் இருந்த கண்ணாடி அறையின் மேல் பெரிய மரியாதையும் கிடையாது, பயமும் கிடையாது. கீழே நீராவியும் இரைச்சலும். மேலே குளிர்காற்றும் கணினிகளும். அண்ணாந்து பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் சில தலைகள் அசைவது தெரியும். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மீன்தொட்டி. "இன்னிக்கு மேல மீட்டிங் போல. எல்லா மீனும் வாயைத் திறந்து திறந்து மூடுது" என்பார்கள்.

அந்தத் தொட்டிக்குக் கடைசியாக வந்து சேர்ந்த மீன்தான் புள்ளி. அப்படி ஒரு பெயரை யாரும் யாருக்கும் ஆசைப்பட்டு வைக்க மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒரு படத்தைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். ஆலையில் இருக்கும் ஒவ்வொருவரும் அதில் ஒரு புள்ளி; யார் யாரிடம் வேலை கேட்டுக்கொள்கிறார்களோ அவர்களுக்கு நடுவே ஒரு கோடு. மடிப்பு மேசையில் நின்ற ஒரு பருத்த அம்மாள் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இதுல நான் எங்கம்மா இருக்கேன்?"

"இதோ, இங்க."

"இவ்வளவு பெரிய உடம்பைச் சுமந்துக்கிட்டுத் திரியறேன். என்னைப் போயி இத்துனூண்டு புள்ளியா வச்சுட்டியே!"

அன்று சிரித்த சிரிப்பில் ஒட்டிக்கொண்ட பெயர். அதன்பின் அவள் படி இறங்கினாலே "புள்ளி வருது, புள்ளி" என்று யாராவது குரல் கொடுப்பார்கள்.

அவளுடைய அம்மாவும் அதே கூட்டத்தில் நின்று சிரித்தாள். மகள் பள்ளிக்குப் போன காலத்திலிருந்தே அம்மா இங்கேதான். இஸ்திரி ரோலர் வரிசையில், ஈரமாக வரும் விரிப்பின் முனையைப் பிடித்து உருளைக்குள் ஊட்டிவிடுகிற வேலை. ஆஸ்பத்திரி விரிப்பு, விடுதி விரிப்பு, எல்லாம் வெள்ளை. ஆளுயர உருளைகள் நீராவியில் சூடேறிச் சுழலும். ஒரு பக்கம் ஈரத் துணி உள்ளே போகும், மறுபக்கம் காய்ந்து சூடாக வெளியே வரும். மகள் மாடிக்கு வேலைக்கு வந்த முதல் நாள், படிக்கட்டில் எதிர்ப்பட்ட அம்மா ஒதுங்கி நின்று, "போங்க மேடம், போங்க. ஏழைங்க நாங்க அப்புறமா ஏறிக்கறோம்" என்றாள். வீட்டுக்குப் போனதும் அதே வாயால், "காலையில தண்ணி பிடிக்காம ஓடிட்டியேடி" என்றாள்.

வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். படித்தது புள்ளியியல். எண்களுக்கு முகதாட்சண்யம் கிடையாது, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று அவை கேட்பதில்லை என்று கல்லூரி நாட்களில் நம்பினாள். எண்கள் கேட்பதில்லைதான். ஆனால் எண்களிடம் எதைக் கேட்பது என்று முடிவு செய்கிற ஆள் ஒருவர் உண்டு. இந்த ஆலையில் அந்த ஆள் தானேதான் என்பது வேலைக்கு வந்த பிறகே அவளுக்கு உறைத்தது.

வேலை இதுதான். ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவரைத் தலைமைப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். போய் வருகிறவர் அந்தப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். முன்பெல்லாம் மேலாளர்கள் கூடிப் பேசி ஒருவரைக் காட்டுவார்கள். பெரும்பாலும் அது அவர்கள் கண்ணில் அடிக்கடி பட்ட ஆளாகவே இருக்கும். படிப்புச் சான்றிதழுக்கு ஒரு மதிப்பெண், விடுப்பு எடுக்காததற்கு ஒரு மதிப்பெண், கூட்டத்தில் எழுந்து பேசினால் ஒரு மதிப்பெண். அந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, வருகைப் பதிவு, இயந்திரங்களின் ஓட்டப் பதிவு, ஊழியர்களே ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்வது, எல்லாவற்றையும் சேர்த்து அலசி உண்மையிலேயே யாரைச் சுற்றி வேலை நடக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் புள்ளியை எடுத்தார்கள். அவள் முதலில் எடுத்துக்கொண்டது இஸ்திரி வரிசை. அம்மா நிற்கும் வரிசை.

அவள் எல்லோருடைய கைப்பேசிக்கும் ஒரே ஒரு கேள்வியை அனுப்பினாள். "வேலையில் ஒரு சிக்கல் என்றால் முதலில் யாரைத் தேடிப் போவீர்கள்?" பெயர்ப் பட்டியலில் இருந்து ஒருவரைத் தொட்டால் போதும்.

பதில்கள் வந்தன. மென்பொருளிடம் படத்தை வரையச் சொல்லிவிட்டு அவள் டீ எடுத்துவரப் போனாள். திரும்பி வந்தபோது திரையின் நடுவில் ஒரு பெரிய புள்ளி உட்கார்ந்திருந்தது. இஸ்திரி வரிசையின் கோடுகள் அத்தனையும் அதில் போய் முடிந்தன. யாரென்று அம்புக்குறியை வைத்துப் பார்த்தாள்.

பெரியக்கா.

இஸ்திரி வரிசையின் நடுவில் நின்ற பெரியக்கா இறந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. ஆலையில் இல்லை, வீட்டில், தூக்கத்தில். கணக்கு முடிக்கிற காகிதம் ஏதோ ஒரு மேசையில் தேங்கிப்போனதால் அவருடைய பெயர் மட்டும் பட்டியலை விட்டு வெளியேறவில்லை.

புள்ளி அவரோடு பேசியது ஒரே ஒரு முறை. சேர்ந்த முதல் வாரம், உருளை ஓடுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் சட்டையைப் பிடித்து இழுத்தது. "கழுத்துல தொங்குறதை உள்ள போடும்மா. இது ரோலரு. அட்டையைப் பிடிச்சா ஆளையும் சேர்த்துத்தான் இழுக்கும்." அடையாள அட்டையை அன்று சட்டைப்பைக்குள் போட்டவள்தான், மாடியில் இருக்கும்போதும் அது பைக்குள்ளேயே இருக்கும்.

அவள் பெரிய புள்ளியை மவுஸால் பிடித்து இழுத்து ஓர் ஓரத்தில் வைத்தாள். விட்டதும் அது மெல்ல நகர்ந்து நடுவுக்கே வந்தது. மறுபடியும் இழுத்தாள். மறுபடியும் வந்தது. கோடுகள் அதிகமாக இருக்கிற புள்ளி நடுவுக்குத்தான் வரும், அந்த மென்பொருளின் கணக்கு அப்படி. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், பட்டப்பகலில், பக்கத்து மேசையில் ஆள் இருக்கும்போதே, கழுத்துப்பட்டியைப் பின்னாலிருந்து யாரோ தொட்ட மாதிரி இருந்தது.

பயிற்சி மேலாளர் வந்து பார்த்தார். எப்போதும் கையில் வெந்நீர்க் குப்பியோடு திரிகிற, கெட்டவர் என்று சொல்ல முடியாத மனிதர்.

"இது யாரு நடுவுல, இவ்வளவு பெரிசா?"

சொன்னாள். அவர் குப்பியின் மூடியைத் திருகி மூடினார்.

"நம்ம கம்பெனியை விட்டுப் போனவங்க திரும்பி வந்து வேலை கேட்டிருக்காங்க. இவ்வளவு தூரம் போனவங்க கேட்டதில்லை. எடுத்துடும்மா. தப்பான டேட்டா."

"தப்பு இல்ல சார். அவங்க வேணும்னுதான் இந்தப் பேரைத் தொட்டிருக்காங்க."

"வேணும்னு தொட்டாலும், ட்ரெயினிங்குக்கு யாரும்மா வருவா? விட்டா நீ பேய்க்கு ப்ரமோஷன் குடுத்துடுவ போல. எடுத்துட்டு, ரெண்டாவதா வர்ற ஆளைச் சொல்லு."

நாளைக்குச் செய்கிறேன் என்றாள். நாளைக்கு என்று ஏன் சொன்னாள் என்று பின்னால் பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். ஒரு புள்ளியைத் தொட்டு அழிக்கக் கண் மூடித் திறக்கும் நேரம்கூட ஆகாது.

அன்று மாலை வீட்டில் அம்மா உள்ளங்கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்கச் சூட்டுத் துணி பிடிக்கிற கை, வெடித்துப் போயிருக்கும்.

"அம்மா, அந்தக் கேள்விக்கு நீ யாரைத் தொட்ட?"

"பெரியக்காவை. வேற யாரை?"

"அவங்க இல்லம்மா இப்ப."

"தெரியும்டி. நான் என்ன லூசா?"

"அப்புறம் எதுக்கு?"

"நீ கேட்டது யாரைத் தேடுவீங்கன்னு. கிடைப்பாங்களான்னு கேக்கலையே."

அம்மா எண்ணெய்க் கையை விரித்துக் காட்டினாள். "இந்தப் பத்து விரலும் ஒண்ணா இருக்குன்னா அது அந்த மனுஷியாலதான். துணி சிக்கிக்கிட்டா ரோலரை நிறுத்திட்டுக் கையை உள்ள விட்டுத்தான் எடுக்கணும். திரும்ப ஓட விடறதுக்கு முன்னாடி, 'கை?'ன்னு கேக்கணும்னு அவதான் பழக்கினா. ஒவ்வொருத்தரா 'வெளியே' சொல்லணும். கடைசி ஆளும் சொன்னாத்தான் பட்டன். இப்பவும் அப்படித்தான்."

"அவங்க முறை வரும்போது?"

அம்மா விரல்களை மடக்கிக்கொண்டாள். "சும்மா நிப்போம்."

மறுநாள் காலையில்தான் அந்தத் தவறு நடந்தது. அவளைப் போன்ற வேலையில் இருக்கிறவர்களுக்கு மட்டுமே நேரக்கூடிய தவறு. பெரியக்காவின் பெயரை எடுப்பதற்கு முன், பட்டியல் பயிற்சி மென்பொருளுக்குள் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க அதை அப்படியே உள்ளே போட்டாள். வெறும் சோதனை. ஆனால் முதலிடத்தில் இருக்கும் ஆளுக்கு உடனே சேதி சொல்லிவிட வேண்டும் என்று யாரோ எப்போதோ அந்த மென்பொருளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அது சொல்லிவிட்டது. 'வாழ்த்துகள்! தலைமைப் பயிற்சிக்கு நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் பயணம் இங்கே தொடங்குகிறது.'

'அனுப்பப்பட்டது' என்ற பச்சை எழுத்தைப் பார்த்தபோது, செத்துப்போனவருடைய எண் இந்நேரம் யாருக்கும் போகாமல் கிடக்கும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். மேலாளரிடம்கூடச் சொல்லவில்லை.

மதியத்துக்கு முன் வாசல் காவலர் தொலைபேசியில் கூப்பிட்டார். "புள்ளியம்மா, உங்களைப் பார்க்க ஒருத்தர். வேனை வாசல்ல நிறுத்தியிருக்கார். சீக்கிரம் வாங்க, லாரி போக வழியில்ல."

பள்ளிக்கூட வேன். ஓட்டுநர் சலவை மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். கையில் பெண்கள் வைத்துக்கொள்கிற மாதிரிப் பூப்போட்ட உறை மாட்டிய கைப்பேசி. புள்ளிக்குச் சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டது.

"நீங்கதானாம்மா இதை அனுப்பினது? என் சம்சாரத்துக்கு வந்திருக்கு." திரையை அவள் பக்கம் திருப்பினார். "அதான், அவ இல்லைங்கற விஷயத்தைச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். அவ சீட்டு சும்மா போயிடக் கூடாது பாருங்க. வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"மன்னிச்சிடுங்கண்ணே. தப்பா வந்துடுச்சு. மென்பொருள்ல ஒரு..."

"தப்பா?"

அந்த ஒரு சொல்லில் அவர் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் புள்ளியால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

"அனுப்பினதுதான் தப்புண்ணே. தேர்ந்தெடுத்தது தப்பில்லை."

அவர் உள்ளே வந்தார். வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்தார். "வருஷா வருஷம் கேப்பாம்மா. பேரு குடுத்துட்டு வந்து, இந்தத் தடவை கிடைச்சா என்ன புடவை கட்டிக்கிட்டுப் போறதுன்னு என்னைப் போட்டு அறுப்பா. படிப்பு இல்லைன்னு தள்ளிடுவாங்க. நான்தான், விடு, நம்ம வேன்ல பிள்ளைங்களை அடக்கற, அதைவிடப் பெரிய தலைமையா அதுன்னு சிரிப்பேன்." உறையின் ஓரத்தை விரலால் தேய்த்தார். "எதை வச்சும்மா இப்ப எடுத்தீங்க?"

"வேலையில சிக்கல்னா யாரைத் தேடிப் போவீங்கன்னு கேட்டோம். எல்லாரும் அவங்க பேரைச் சொன்னாங்க."

"உயிரோட இருந்தப்போ சொல்லலையா?"

"அப்போ யாரும் கேக்கலைண்ணே."

அவர் தலையை ஆட்டினார். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். காவலர் வாசலிலிருந்து கையை ஆட்டினார். லாரி ஹாரன் அடித்தது. எழுந்தவர் நின்று கேட்டார். "இந்த போனுக்கு நான் தினம் சார்ஜ் போட்டுடுவேன். இன்னும் ஏதாவது வருமாம்மா?"

"ஒண்ணு வரும். கணக்கை மூடும்போது."

"அப்ப மெதுவா மூடுங்க."

மேலாளருக்கு விஷயம் எட்டியது. எட்டாமல் இருக்குமா? வாசல் காவலருக்குத் தெரிந்தது ஊருக்கே தெரிந்த மாதிரி. அவர் கத்தவில்லை. "என் கண்ணு முன்னாடி அந்தப் பேரை எடு" என்றார். எடுத்தாள். கணக்கை மூடவில்லை, படத்திலிருந்து மட்டும். பெரிய புள்ளி போனதும் மற்றப் புள்ளிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் திரையின் நாலா பக்கமும் மிதந்து போயின. நடுவில் வட்டமாக ஒரு வெறுமை நின்றது. மற்ற எல்லாக் கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் இப்போது முதலிடத்தில் வந்தவர் ஹாரன்.

ஹாரன், ரோலர் வரிசையின் கடைசியில் நிற்பவர். காய்ந்து வரும் துணியை வாங்குகிற இடம். பச்சைப் பட்டன் அவர் கைக்கடியில்தான். தொண்டை அப்படி, அவர் தும்மினால் மாடிக் கண்ணாடி அதிரும் என்பார்கள். வேலை தெரிந்தவர், விடுப்பு எடுக்காதவர், கூட்டத்தில் எழுந்து பேசுகிறவர்.

மேலாளர் அவரை மேலே வரவழைத்தார். "இயந்திரப் பதிவைப் பார்த்தா, ஒவ்வொரு தடவை நிறுத்தி எடுக்கும்போதும் உங்க ஷிஃப்டுல மட்டும் லேட்டாகுது. மத்த ஷிஃப்ட்ல 'கை', 'வெளியே'ன்னு சொல்லிட்டு ஓட விட்டுடறாங்க. இங்க என்ன?"

"அது ஒரு பழைய பழக்கம் சார்" என்றார் ஹாரன், புள்ளியின் பக்கம் பார்க்காமல். "நான் பொறுப்பு எடுத்தா அதை நிறுத்திடறேன்."

"வெரி குட்" என்றார் மேலாளர்.

புள்ளி தன் மேசைக்குத் திரும்பினாள். தான் செய்த கணக்கு, அம்மாவின் கை வரைக்கும் நீளும் என்று எந்தப் பாடத்திலும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. தள்ளி நின்று பார்த்தால் அது சின்ன விஷயம்தான். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். அதை எடுத்துவிட்டால் உற்பத்தி கூடும். அது இருப்பதால் என்ன லாபம் என்று கேட்டால், சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. நடக்காத விபத்துக்குப் பதிவு ஏது? என் அம்மா நிற்கிற இடம் என்பதால்தான் எனக்கு இப்படித் தோன்றுகிறதா? வேறு யாருடைய அம்மாவோ நின்றால், மேலாளர் மாதிரி 'வெரி குட்' என்று நானும் சொல்லியிருப்பேனா?

அவள் கீழே இறங்கினாள்.

இஸ்திரி வரிசையின் மேலே, தண்டவாளத்தில் வெள்ளை மூட்டைகள் தொங்கிக்கொண்டு மெல்ல நகர்ந்தன. நீராவிக்குள் ஆட்கள் இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தார்கள். ஊட்டுகிற முனையில் அம்மாவும் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணும். கடைசியில் ஹாரன், அவருக்குத் துணையாக இன்னொருவர். நடுவில், உருளையின் பக்கவாட்டில், துணி சுருங்காமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் நிற்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அங்கே பார்க்க வேண்டியதை இரண்டு பக்கத்து ஆட்களும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். தரையில் அந்த இடத்தில் மட்டும் வண்ணம் தேய்ந்து சிமெண்டு வெளுத்திருந்தது, இரண்டு பாதம் அளவுக்கு.

அவள் போய் அங்கே நின்றாள். யாரும் நில் என்று சொல்லவில்லை, நிற்காதே என்றும் சொல்லவில்லை. பருத்த அம்மாள் மட்டும் மடிப்பு மேசையிலிருந்து, "என்ன புள்ளி, படத்துல இடம் பத்தலையா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் துணி சிக்கியது. உருளை நின்றது. இரைச்சல் அடங்கியதும் காதுக்குள் ஓர் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. கைகள் உள்ளே போய்ச் சுருண்டு மடங்கிக் கிடந்த விரிப்பை இழுத்து எடுத்தன. ஹாரன் குரல் கொடுத்தார்.

"கை?"

"வெளியே" என்றாள் அம்மா.

"வெளியே" என்றாள் புதுப்பெண்.

அடுத்தது பெரியக்காவின் முறை.

யாரும் பேசவில்லை. எங்கோ நீராவிக் குழாய் ஒன்று சீறியது. எல்லோருடைய கண்ணும் அந்தக் காலி இடத்துக்கு, இப்போது புள்ளி நிற்கிற இடத்துக்குத் திரும்பியது. ஆனால் யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குக் கொஞ்சம் பின்னால், தோளுக்கு மேலே பார்த்தார்கள். அவளுடைய கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அட்டை உள்ளேதான் இருந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது; திரும்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் பார்த்தாள். 'வெளியே' என்று வாய் சொல்லிவிட்டாலும் புதுப்பெண்ணின் இடது கை இன்னும் உள்ளேதான் இருந்தது, விரிப்பின் கடைசி மடிப்பை நீவியபடி. பழக்கத்தில் வந்துவிட்ட சொல். அந்த மௌனம் அவளுக்கும் எட்டியிருக்க வேண்டும்; திடுக்கிட்டவளாகக் குனிந்து தன் கையைப் பார்த்தாள். சூடு பட்டதுபோல இழுத்துக்கொண்டாள்.

"வெளியே" என்றார் அடுத்து நின்றவர். பச்சைப் பட்டன் அமுங்கியது. உருளை சுழன்றது.

அம்மா பார்த்துவிட்டாள். ஹாரனும் பார்த்துவிட்டார்.

டீ நேரத்தில் ஹாரன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். புள்ளி போய் நின்றாள்.

"அண்ணே, பட்டன் உங்க கையில. இத்தனை நாளா அவங்க முறைக்கு இடைவெளி விட்டது நீங்கதானே?"

"விட்டேன்னு யார் சொன்னா?" அவருக்கு மெதுவாகப் பேச வரும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. "அவங்க போன மறுநாள் வரிசை சொல்லிக்கிட்டு வந்தோம். அவங்க முறை வந்துச்சு. என் விரல் பட்டன் மேல இருக்கு, அமுங்க மாட்டேங்குது. யாரோ விரலைப் பிடிச்சுக்கிட்ட மாதிரி. இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான். நான் சத்தம் போடற ஆளும்மா. அந்தச் சத்தமில்லாத நேரம் வந்தா முதுகு சில்லிட்டுப் போகுது. ட்ரெயினிங் போயிட்டு வந்தா இது விட்டுப் போகும்னு நினைச்சேன்."

"போகணுமாண்ணே?"

அவர் குழாயை மூடினார். மூடிய பிறகும் அது சொட்டிக்கொண்டிருந்தது. "அந்தப் பொண்ணு கையைப் பார்த்தியா?" என்றார்.

அடுத்த சில நாட்கள் புள்ளி உட்கார்ந்து வேலை செய்தாள். இதே நிறுவனத்தின் மற்ற ஆலைகளிலும் இதே ரோலர்கள் ஓடின. அங்கெல்லாம் கையில் பட்ட காயங்களின் பதிவு இருந்தது. அதையும் இயந்திரங்கள் நின்று ஓடிய நேரங்களையும் சேர்த்துப் பார்த்தாள். நிறுத்திய பிறகு அவசரமாக ஓட்டிய இடங்களில் காயம் அதிகம். இந்த வரிசையில், பெரியக்கா பழக்கிய நாளிலிருந்து, ஒன்றுகூட இல்லை. முடிவு வந்த பிறகும் அவள் அதை நம்பவில்லை. அம்மா நிற்கும் வரிசையை எடுத்துவிட்டு மறுபடி போட்டாள், தனக்கு வேண்டிய விடையை எண்களின் வாயில் தானே திணிக்கிறோமோ என்ற பயத்தில். விடை மாறவில்லை. நடக்காத விபத்துக்கும் ஒரு நிழல் உண்டு. நடந்த இடங்களின் பக்கத்தில் வைத்தால் அது தெரிகிறது.

மேலாளரிடம் சொன்னாள். "ஹாரனண்ணனை அனுப்பலாம் சார். ஆனா ஒரு நிபந்தனை. பட்டனுக்கு முன்னாடி நிக்கிற அந்த நேரத்தை யாரும் எடுக்கக் கூடாது. அதைக் காப்பாத்தறதுதான் மேற்பார்வையாளரோட முதல் வேலைன்னு எழுதணும்."

அவர் காயப் பதிவுகளை நீண்ட நேரம் பார்த்தார். வெந்நீர் ஆறியது. "மேலிடத்துல கேட்டா என்னன்னு சொல்ல? செத்துப்போனவங்க பதிலுக்காக மெஷினை நிறுத்தி வச்சிருக்கோம்னா?"

"அப்படிச் சொல்ல வேண்டாம் சார்."

"பேரை மாத்து. பாதுகாப்பு இடைவேளைன்னு ஏதாவது போடு." கொஞ்சம் தயங்கி, "யார் ஆரம்பிச்சாங்கன்னு ஒரு வரி சேர்த்துக்கோ" என்றார்.

அந்த ஒரு வரியில் பெரியக்காவின் முழுப்பெயரையும் எழுதினாள். அதன் பிறகுதான் தேங்கிக் கிடந்த காகிதத்தைத் தேடி எடுத்து, கணக்கை மூடினாள். மெதுவாகத்தான் மூடினாள். மூடியதும் கடைசிச் செய்தி தானாகப் போயிற்று. 'உங்கள் பணிக்காலம் நிறைவடைந்தது. நன்றி.' அவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சற்று நேரத்தில் பதில் வந்தது. மேலே பெரியக்காவின் பெயர், கீழே ஒரே ஒரு சொல்.

'சரிம்மா.'

வேன் ஓட்டுநர்தான். வேறு யாராக இருக்கும்? பிள்ளைகளை இறக்கிவிட்டு, நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, பூப்போட்ட உறையைத் திறந்து தட்டியிருப்பார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்ட பிறகும் அந்தச் செய்தியை அவளால் அழிக்க முடியவில்லை.

ஹாரன் பயிற்சி முடித்துத் திரும்பிய அன்று, மேலிடத்திலிருந்து வந்த இரண்டு பேரும் மேலாளரும் கண்ணாடி ஓரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புள்ளியும் நின்றாள். ஹாரன் சட்டையில் புது அட்டை இருந்தது. கழுத்தில் தொங்கவில்லை, பைக்குள் செருகியிருந்தார். துணி சிக்கியது. உருளை நின்றது. அவர் வாய் திறப்பது தெரிந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வரவில்லை. அம்மாவின் உதடு அசைந்தது. புதுப்பெண் முதலில் தன் இரண்டு கையையும் மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டு, பிறகு உதட்டை அசைத்தாள்.

பிறகு யாரும் அசையவில்லை. ஹாரனின் விரல் பட்டன் மேல் இருந்தது. நீராவி மட்டும் அந்தக் காலி இடத்தைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது. வழக்கத்தைவிட நேரம் நீள்வதாகப் புள்ளிக்குத் தோன்றியது.

"என்ன, ஏன் நிக்கிறாங்க? யாருக்காக வெயிட் பண்றாங்க?" என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார்.

மேலாளர் குப்பியின் மூடியைத் திருகினார். புள்ளியைப் பார்த்தார்.

"எல்லாரும் இருக்காங்களான்னு பார்க்கறாங்க சார்" என்றாள் அவள். கீழே அடுத்த ஆளின் உதடு அசைந்தது. அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். உருளை சுழலத் தொடங்கியது.